டீசல் எஞ்சினில் சிஎன்ஜி: முதல்முறை இரட்டை எரிபொருள் சோதனை செய்யப் போகிறவர்களுக்கு

எம்.இ. புராஜெக்டுக்கோ பிஎச்.டி.யின் முதல் வருடத்துக்கோ "டூயல் ஃபியூவல்" (ஒரே எஞ்சினில் டீசலையும் சிஎன்ஜி என்ற அழுத்திய இயற்கை எரிவாயுவையும் சேர்த்து எரிப்பது) என்று தலைப்பு கிடைத்துவிட்டது, படிக்க வேண்டிய கட்டுரைகளும் குவிந்துவிட்டன, ஆனால் நாளைக்கு ஆய்வகத்துக்குப் போனால் முதலில் எதில் கை வைப்பது என்று தெரியவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இது. நம் பொறியியல் கல்லூரிகளில் பரவலாக இருக்கும் கிர்லோஸ்கர் டிவி1 எஞ்சினை வைத்தே சொல்கிறேன்: ஒற்றை சிலிண்டர், தண்ணீர்க் குளிர்ச்சி, 87.5 மிமீ போர் (சிலிண்டர் விட்டம்), 110 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 661 சிசி, கம்ப்ரெஷன் விகிதம் 17.5, 1500 ஆர்பிஎம்மில் 5.2 கிலோவாட். உங்களிடம் இருப்பது வேறு எஞ்சின் என்றால் எண்கள் மாறும், செய்யும் முறை மாறாது.

கேஸ் சேர்த்து ஓட்டும்போது முழு லோடில் இந்த எஞ்சின் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும், புகை குறையும், எஃபிஷியன்ஸி டீசலுக்குப் பக்கத்திலேயே நிற்கும், எல்லோருக்கும் சந்தோஷம். குறைந்த லோடில்தான் அதன் உண்மையான குணம் தெரியும். அங்கே எரியாமல் வெளியே போகும் மீத்தேனை, அதாவது சிஎன்ஜியின் பெரும்பகுதியான வாயுவை, சரியாக அளக்காவிட்டால் உங்கள் ஆய்வேட்டின் பாதி முடிவுகள் தவறான பக்கம் சாயும். நிறையப் பேர் கோட்டை விடுவது அங்கேதான் என்பதால் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 210 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை போதும். மீத்தேனுக்கு 540 டிகிரியை ஒட்டி வேண்டும். அதனால் காற்றோடு கேஸைக் கலந்து சிலிண்டருக்குள் அனுப்பி அழுத்தினாலும், கிடைக்கிற சில மில்லி செகண்டுக்குள் அது தானாகப் பற்றாது. அப்போது நாசில் வழியாகக் கொஞ்சம் டீசலைத் தெளித்தால் அந்த டீசல் பற்றி, சுற்றியிருக்கிற கேஸ் கலவையையும் பற்ற வைக்கும். இந்தக் கொஞ்ச டீசலுக்குப் பைலட் என்று பெயர். ஸ்பார்க் பிளக் செய்கிற வேலையை இது செய்கிறது, அதுவும் ஒரே புள்ளியில் இல்லாமல் ஸ்ப்ரே போகிற இடமெல்லாம். இது புது யோசனையும் இல்லை, கேஸைப் பைலட் எரிபொருளால் பற்றவைக்கும் முறைக்கு ருடால்ஃப் டீசலே 1901-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

கேஸ் உள்ளே வந்ததும் மூன்று விஷயங்கள் மாறும். கேஸ் இடம் பிடிப்பதால் காற்று கொஞ்சம் குறையும். கலவையின் வெப்ப ஏற்புத்திறன் கூடுவதால் கம்ப்ரெஷன் முடிவில் வெப்பநிலை சற்று இறங்கும். டீசல் பற்றுவதற்கு முன் நடக்கும் வேதிவினைகளிலும் மீத்தேன் குறுக்கே நிற்கும். மூன்றும் சேர்ந்து பைலட் பற்றுவதைத் தாமதப்படுத்தும். இக்னிஷன் டிலே கூடியிருக்கிறது என்று பிரஷர் வரைபடம் காட்டினால் பயப்படாதீர்கள், அது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

முதல் வேலை கேஸ் லைன்

எஞ்சினைத் தொடுவதற்கு முன் கேஸ் வரும் வழியை ஒழுங்காக அமையுங்கள். சிஎன்ஜி சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கும். சிலிண்டர் ஆய்வகத்துக்கு வெளியே, நிழலில், சங்கிலி போட்டுக் கட்டியபடி நிற்க வேண்டும், ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் தாங்குகிறதா என்று பார்ப்பது) தேதி தாண்டாததாக இருக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு கட்ட ரெகுலேட்டர், அப்புறம் கையால் மூடும் வால்வு, சோலினாய்டு வால்வு, ஃப்ளோ மீட்டர், நான்-ரிட்டர்ன் வால்வு, ஃபிளேம் டிராப் (தீ பின்னால் போகாமல் தடுப்பது), கடைசியில் மிக்சர். வீட்டு எல்பிஜி ரெகுலேட்டரை எடுத்து மாட்டலாமா என்று யாராவது கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். உயர் அழுத்தத்திலிருந்து விரியும்போது கேஸ் குளிர்ந்து ரெகுலேட்டரில் பனி படியும், வெந்நீர் சுற்றும் வசதியுள்ள ரெகுலேட்டர் கிடைத்தால் நல்லது.

மிக்சர் எங்கே வர வேண்டும் என்பதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. டிவி1 செட்டப்பில் காற்றை அளக்க ஆரிஃபிஸ் (அளவெடுத்த துளை) பொருத்திய பெரிய காற்றுப் பெட்டி ஒன்று இருக்கும். கேஸ் அந்தப் பெட்டியைத் தாண்டி, இன்டேக் போர்ட்டுக்குப் பக்கத்தில்தான் சேர வேண்டும். பெட்டிக்கு முன்னால் சேர்த்தால் காற்று அளவு தப்பாகும் என்பது சின்னப் பிரச்சினை. அவ்வளவு பெரிய பெட்டி முழுக்க காற்றும் கேஸும் கலந்து நிற்கும்போது இன்டேக் வால்வு வழியாக ஒரு பேக்ஃபயர் வந்தால் பெட்டியே வெடித்துவிடும், அதுதான் பெரிய பிரச்சினை. கேஸ் சேரும் இடத்துக்கும் வால்வுக்கும் நடுவில் கலப்பதற்கு மட்டும் கொஞ்சம் குழாய் நீளம் இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

மீத்தேன் காற்றை விட இலேசானது, கசிந்தால் மேலே போய்க் கூரையடியில் தங்கும். அதனால் டிடெக்டரையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் மேலே வையுங்கள், எல்பிஜிக்குச் செய்வது போலத் தரைமட்டத்தில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். அலாரத்தை அந்த 5 சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கில், அதாவது 1 சதவீதத்தில் அடிக்கும்படி வைப்பது வழக்கம். ஒவ்வொரு நாளும் எஞ்சினைக் கிளப்பும் முன் எல்லா ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், நேற்று சரியாக இருந்தது என்பது இன்றைக்கு உதவாது.

சோலினாய்டு வால்வை ஸ்பீட் சென்சரோடு இணைப்பது கட்டாயம். எஞ்சின் வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னர் கட்டுப்படுத்துவது டீசலை மட்டும்தான், கேஸை அது தொடாது. லோடு திடீரென்று விழுந்தால் கவர்னர் டீசலை முழுவதும் மூடினாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும், பைலட்டாகக் கொஞ்சம் டீசல் மிச்சம் இருந்தாலும் போதும், எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். 1650 ஆர்பிஎம் தாண்டினால் கேஸ் தானாக நிற்க வேண்டும், மின்சாரம் போனாலும் நிற்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்கும் வகை வால்வாகப் பார்த்து வாங்குங்கள்.

டீசல் மட்டும் வைத்து ஒரு முழுச் சோதனை

கேஸ் லைன் தயாரானதும் உடனே கேஸைத் திறக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். முதலில் வெறும் டீசலில் 25, 50, 75, 100 சதவீத லோடில் முழு அளவீடு எடுக்க வேண்டும். 5.2 கிலோவாட்டுக்கு 1500 ஆர்பிஎம்மில் டார்க் 33 நியூட்டன் மீட்டர் வரும், எஞ்சினுக்கு லோடு கொடுக்கும் டைனமோமீட்டரின் கை நீளம் 0.185 மீட்டர் என்றால் லோடு செல்லில் சுமார் 18 கிலோ காட்ட வேண்டும். இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் லோடு செல்லை முதலில் சரிபாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எஃபிஷியன்ஸி 30 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் முழு லோடில் டீசல் மணிக்கு 1.47 கிலோ போகும், பியூரெட்டில் 10 சிசி இறங்க 20 விநாடி. ஸ்டாப் வாட்சை ஒரு விநாடி தாமதமாக அழுத்தினாலே 5 சதவீதப் பிழை. நீங்கள் தேடப் போகும் வித்தியாசமே பல இடங்களில் அவ்வளவுதான் இருக்கும். அதனால் முழு லோடில் 10 சிசியோடு நிற்காமல் 30, 40 சிசிக்கு நேரம் எடுங்கள், எடை பார்க்கும் முறை இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு நிலையிலும் குளிர்நீரும் எக்ஸாஸ்ட் வெப்பநிலையும் அசையாமல் நின்ற பிறகுதான் குறிக்க வேண்டும், குறைந்தது மூன்று முறை. அறை வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். ஈரப்பதம் மாறினாலே நைட்ரஜன் ஆக்ஸைடு மாறும், சென்னையில் காலையில் எடுத்ததையும் பிற்பகலில் எடுத்ததையும் அப்படியே ஒப்பிட முடியாது.

கேஸைத் திறப்பது, மூடுவது

எப்போதும் டீசலில்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு வேண்டிய லோடை வைத்து, ஊசி வால்வைத் திறந்து கேஸைத் துளித்துளியாக விடுங்கள். வேகம் லேசாக ஏறப் பார்க்கும், கவர்னர் அதைப் பார்த்து டீசலைக் குறைக்கும். பம்ப்பில் நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம், கவர்னரே பங்கு பிரித்துக் கொடுத்துவிடும், இந்த எஞ்சினில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். இப்படியே படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும்போது காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஊசலாட ஆரம்பித்தாலோ, உலோகத்தில் தட்டுவது போல் டக்டக் என்று நாக் சத்தம் (கலவை கட்டுப்பாடில்லாமல் சட்டென்று எரிவதால் வருவது) வந்தாலோ, எக்ஸாஸ்ட் வெப்பநிலை டீசலில் இருந்ததை விட வெகுவாக ஏறினாலோ அதுதான் எல்லை, ஒரு படி பின்னால் வாருங்கள்.

நிறுத்தும்போது வரிசை தலைகீழ். முதலில் கேஸ், அப்புறம் சில நிமிடம் டீசலில் ஓட்டி லைனில் மிச்சமுள்ள கேஸை எரித்துவிட்டு லோடை இறக்குங்கள், கடைசியில்தான் எஞ்சினை அணைக்க வேண்டும். கேஸ் திறந்திருக்கும்போது லோடை எடுக்கவே கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி டைனமோமீட்டர் கன்ட்ரோலர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் அவசரத்தில் கை முதலில் போவது லோடு குமிழுக்குத்தான்.

எவ்வளவு கேஸ் போகிறது என்ற கணக்கு

காற்றுக்குக் காலிப்ரேட் செய்த ரோட்டாமீட்டரைக் கேஸ் லைனில் போட்டு, அது காட்டுவதை அப்படியே எழுதிக்கொள்கிற வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. இயற்கை எரிவாயுவின் அடர்த்தி காற்றில் சுமார் 0.6 பங்குதான், அதனால் அதே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உண்மையான அளவு ரோட்டாமீட்டர் காட்டுவதைப் போல 1.3 மடங்கு இருக்கும். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் கேஸ் குறைவாகப் போனது போலத் தெரிந்து உங்கள் எஃபிஷியன்ஸி அநியாயத்துக்கு ஏறிவிடும். டீசலை விட டூயல் ஃபியூவலில் குறைந்த லோடிலும் எஃபிஷியன்ஸி கூடிவிட்டது என்று முடிவு வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் கேஸ் அளவீட்டைச் சந்தேகப்படுங்கள். முடிந்தால் கோரியாலிஸ் அல்லது தெர்மல் மாஸ் ஃப்ளோ மீட்டர் வாங்கச் சொல்லி அடம் பிடியுங்கள்.

அடுத்து "60 சதவீதம் கேஸ்" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, டீசலில் எத்தனை சதவீதம் மிச்சமானது. இன்னொன்று, உள்ளே போன மொத்த ஆற்றலில் கேஸின் பங்கு எவ்வளவு. 25 சதவீத லோடுக்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வெறும் டீசலில் மணிக்கு 0.61 கிலோ போனது, டூயலில் டீசல் 0.24 கிலோ, கேஸ் 0.45 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் மிச்சம் 61 சதவீதம். ஆனால் டீசலுக்குக் கிலோவுக்கு 42.5 மெகாஜூல், சிஎன்ஜிக்கு 48 மெகாஜூல் என்று போட்டால் டீசல் வழியாக 10.2, கேஸ் வழியாக 21.6 மெகாஜூல், ஆக கேஸின் ஆற்றல் பங்கு 68 சதவீதம். எஃபிஷியன்ஸி இறங்கியதால்தான் இரண்டுக்கும் இந்த இடைவெளி. முன்பு 18 சதவீதமாக இருந்தது இப்போது 15 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்கிறது. எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு வரைபடத்திலும் எழுதுங்கள். 2023-இல் டெல்லி தலைநகர் வட்டாரத்தில் ஜெனரேட்டர்களை 70 சதவீதம் கேஸ், 30 சதவீதம் டீசல் என்று மாற்றும்படி காற்றுத் தர மேலாண்மை ஆணையம் உத்தரவிட்ட பிறகு இந்தச் சதவீதங்கள் கடைக்காரர் விளம்பரத்திலெல்லாம் வர ஆரம்பித்துவிட்டன, எந்த லோடில் என்று கேட்டால்தான் பதில் வராது.

குறைந்த லோடில் ஏன் எரிவதில்லை

எஞ்சின் நிமிடத்துக்கு 750 முறை மூச்சு இழுக்கிறது, 661 சிசி, வால்யூமெட்ரிக் எஃபிஷியன்ஸி (சிலிண்டர் கொள்ளளவில் உண்மையில் உள்ளே வரும் பங்கு) 85 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 420 லிட்டர். முழு லோடில் 60 சதவீத ஆற்றலைக் கேஸாகக் கொடுக்க நிமிடத்துக்குச் சுமார் 18 லிட்டர் கேஸ் வேண்டும். மொத்தக் கலவையில் இது நாலு சதவீதத்துக்குச் சற்று மேல்தான், அறை வெப்பநிலையில் தீப்பிடிக்கும் கீழ் எல்லையான 5 சதவீதம் கூட இல்லை. கம்ப்ரெஷனில் சூடாவதால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும், பைலட்டும் பல இடத்தில் பற்றவைக்கும், அதனால் முழு லோடில் எரிந்துவிடுகிறது. இக்குவலன்ஸ் விகிதமாக (காற்று முழுதும் செலவாகத் தேவைப்படும் கேஸ் 1 என்றால் இருப்பது எவ்வளவு) சொன்னால் கேஸ் கலவை 0.45-ஐ ஒட்டி இருக்கும்.

இதே கணக்கை 25 சதவீத லோடுக்குப் போடுங்கள். டீசல் எஞ்சினில் திராட்டில் (காற்றை அடைக்கும் வால்வு) கிடையாது, லோடு குறைந்தாலும் காற்று அதே 420 லிட்டர்தான். கேஸ் மட்டும் குறைகிறது. விகிதம் 0.2-க்கு வந்துவிடும். இவ்வளவு மெலிந்த கலவையில் தீ பரவாது, பைலட் ஸ்ப்ரே தொட்ட இடத்தில் இருக்கும் கேஸ் எரியும், அதைத் தாண்டி இருப்பது பாதி எரிந்து கார்பன் மோனாக்ஸைடாகவோ, எரியாமல் மீத்தேனாகவோ எக்ஸாஸ்டுக்குப் போகும். இதோடு பிஸ்டன் ரிங்குக்கு மேலே உள்ள இடுக்கில் ஒளிந்துகொள்ளும் கலவை, சுவரோரம் அணைந்துபோவது, இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் அந்தச் சிறிது நேரத்தில் நேராக வெளியேறுவது, இவையும் சேரும். இவை எல்லா லோடிலும் உண்டு.

எமிஷன் அளக்கும்போது

ஸ்மோக் மீட்டரில் பிரச்சினை இல்லை, மீத்தேனில் கார்பன் கார்பன் பிணைப்பே இல்லாததாலும் பெரும்பகுதி காற்றோடு கலந்த பிறகு எரிவதாலும் புகை நன்றாக இறங்கும், அது உண்மையான லாபம். நைட்ரஜன் ஆக்ஸைடு (நாக்ஸ்) குறைந்த லோடிலும் நடு லோடிலும் பொதுவாகக் குறையும், முழு லோடில் கேஸ் வேகமாக எரிந்து பிரஷர் சட்டென்று ஏறும்போது டீசல் அளவுக்கோ அதற்கு மேலோ கூடப் போகலாம். ஒரே ஒரு லோடில் அளந்துவிட்டு "நாக்ஸ் குறைகிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

பிரச்சினை ஹைட்ரோகார்பனில். கல்லூரிகளில் இருக்கும் ஐந்து வாயு அனலைசர் வாகனச் சோதனைக்காகச் செய்தது, அதன் ஹைட்ரோகார்பன் சேனல் அகச்சிவப்பு ஒளி உறிஞ்சுதலை வைத்து ஹெக்சேன் அளவாகக் காட்டுவது. மீத்தேன் உறிஞ்சும் அலைவரிசை வேறு மாதிரி இருப்பதால் அந்தச் சேனல் அதை மிகவும் குறைவாகத்தான் பார்க்கும். உங்கள் எக்ஸாஸ்டில் இருக்கும் ஹைட்ரோகார்பனில் பெரும்பகுதி மீத்தேனாக இருக்கும்போது அந்தக் கருவி காட்டும் பிபிஎம்மை நம்பி என்ன செய்வது? மீத்தேனையும் சரியாக அளக்கும் ஃபிளேம் அயனைசேஷன் டிடெக்டரோ எஃப்டிஐஆரோ உள்ள ஆய்வகத்தை நாடுங்கள், இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் மாதிரியைப் பையில் பிடித்து கேஸ் குரோமட்டோகிராஃபில் மீத்தேன் பார்க்கச் சொல்லுங்கள், வேதியியல் துறையில் பெரும்பாலும் இருக்கும். எதுவுமே கிடைக்கவில்லை என்றால் ஹைட்ரோகார்பன் எண்ணை டீசலோடு ஒப்பிடாதீர்கள், கருவியின் வரம்பை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள்.

பிபிஎம்மில் நின்றுவிடாமல் கிராமுக்கு மாற்றுவது ஏன் முக்கியம் என்று அதே 25 சதவீத லோடு உதாரணத்தில் பார்க்கலாம். மீத்தேன் 3000 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம், காகிதத்தில் பார்த்தால் 0.3 சதவீதம், ஒன்றுமில்லாதது போலத் தெரியும். எக்ஸாஸ்ட் மணிக்கு 29.5 கிலோ, மூலக்கூறு எடை 28.8 என்றால் மணிக்குச் சுமார் 1020 மோல், அதில் மீத்தேன் 3 மோல், அதாவது 49 கிராம். நீங்கள் உள்ளே விட்ட கேஸே 450 கிராம்தான். ஒன்பதில் ஒரு பங்கு எரியாமல் வெளியே போயிருக்கிறது!

இதை வெப்பமயமாதல் பக்கம் கொண்டு போங்கள். வெறும் டீசலில் 0.61 கிலோ எரிந்தால் கார்பன் டை ஆக்ஸைடு 1.93 கிலோ. டூயலில் டீசலிலிருந்து 0.76, எரிந்த கேஸிலிருந்து 1.10, மொத்தம் 1.86 கிலோ. அனலைசரை மட்டும் பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 30 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம், அப்படியானால் அந்த 49 கிராம் மட்டும் 1.47 கிலோ. மொத்தம் 3.33 கிலோ, டீசலை விட எழுபது சதவீதத்துக்கு மேல் அதிகம்.

எவ்வளவு கசிவு வரை தாங்கலாம் என்பதையும் இதே மாதிரி கையாலேயே போட்டுவிடலாம். ஒரு மெகாஜூலுக்கு டீசல் 74 கிராம், இயற்கை எரிவாயு 56 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு, லாபம் 18 கிராம். ஒரு மெகாஜூலுக்கு 20 கிராம் மீத்தேன் வேண்டும், அதில் 1 சதவீதம் தப்பினால் 0.2 கிராம், முப்பதால் பெருக்கினால் 6 கிராம். ஆக 3 சதவீதம் தப்பினால் லாபம் முழுவதும் போச்சு. இருபது வருடக் கணக்கில் மீத்தேனின் தாக்கம் 80 மடங்குக்கு மேல், அங்கே 1 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே கதை முடிந்தது. இந்த ஒரு பத்தியை உங்கள் ஆய்வேட்டில் உங்கள் எண்களோடு போடுங்கள், பரீட்சகர் கேட்கும் முன்பே பதில் தயாராக இருக்கும்.

பிரஷர் வரைபடம்

சிலிண்டர் பிரஷர் எடுக்க வசதி இருந்தால் குறைந்தது 100 சைக்கிள் எடுங்கள். எஃபிஷியன்ஸிக்கும் ஹீட் ரிலீஸுக்கும் (எரியும்போது வெப்பம் வெளிவரும் வேகம்) சராசரி போதும், ஆனால் நாக் இருக்கிறதா என்று பார்க்கச் சராசரியை எடுக்கக் கூடாது, அதில் எல்லாம் மழுங்கிப் போகும், தனித்தனி சைக்கிளாகப் பாருங்கள். ஹீட் ரிலீஸில் முதலில் பைலட்டின் சிறு மேடு, அப்புறம் கேஸ் எரியும் பெரிய மேடு, கடைசியில் நீண்ட வால். குறைந்த லோடில் இரண்டாவது மேடு படுத்துவிடும், வால் நீளும். சைக்கிளுக்குச் சைக்கிள் ஐஎம்இபி (ஒரு சைக்கிளில் பிஸ்டன் மேல் விழும் சராசரி பயனுள்ள அழுத்தம்) மாறுவது 10 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த நிலையை அளவீடாக எடுத்துக்கொள்ள முடியாது.

குறைந்த லோடைச் சரிசெய்யச் சில வழிகள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எளிதானது பைலட்டைக் கூட்டுவது, அதாவது குறைந்த லோடில் கேஸின் பங்கைக் குறைப்பது. 25 சதவீதத்தில் கேஸே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் தவறில்லை, என் கருத்தில் அது பல சமயம் நேர்மையான முடிவு. இரண்டாவது, இன்ஜெக்‌ஷனை முன்னுக்குக் கொண்டுவருவது. டிவி1-இல் பிஸ்டன் மேல் முனைக்கு வருவதற்கு 23 டிகிரி முன்னால் இருக்கும், பம்ப்புக்கு அடியில் உள்ள ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுத்தால் முன்னால் போகும், சேர்த்தால் பின்னால் போகும். முன்னுக்கு வைத்தால் குறைந்த லோடில் மீத்தேன் குறையும், ஆனால் அதே அமைப்போடு முழு லோடுக்குப் போனால் நாக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடும் ஏறும். மூன்றாவது, காற்றைக் கொஞ்சம் அடைத்துக் கலவையைக் கெட்டியாக்குவது. இன்டேக்கில் ஒரு பட்டர்ஃபிளை வால்வு போதும், பம்ப்பிங் இழப்பு கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சூடான எக்ஸாஸ்டைக் கொஞ்சம் திரும்ப விடும் ஈஜிஆரும் இதே வேலையைச் செய்யும், எரியாத கேஸுக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைக்கும்.

கேட்டலிஸ்ட் போட்டால் போகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். மீத்தேனை எரிக்க பல்லேடியம் கேட்டலிஸ்டுக்கே 400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும், கந்தகமும் நீராவியும் அதைப் படுத்திவிடும். மீத்தேன் அதிகமாக வரும் குறைந்த லோடில்தான் எக்ஸாஸ்ட் ஆறிப்போய் இருக்கும், அங்கே அது தூங்கும்.

கேஸை இன்டேக்கில் கலக்காமல், கம்ப்ரெஷன் முடிந்த பிறகு உயர் அழுத்தத்தில் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் முறையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மேன் நிறுவனம் உருவாக்கிய எம்இ-ஜிஐ கப்பல் எஞ்சின்கள் சுமார் 300 பாரில் இப்படித்தான் செய்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் கப்பல் எரிபொருள் விதிமுறையில் இந்த வகை மெதுவேக எஞ்சினுக்கு மீத்தேன் கசிவு 0.2 சதவீதம் என்றும், காற்றோடு கலந்து விடும் நடுவேக எஞ்சினுக்கு 3.1 சதவீதம் என்றும் இயல்பு மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். நாம் மேலே போட்ட 3 சதவீதக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லூரி எஞ்சினில் அந்த இன்ஜெக்டர் வைக்க முடியாது, ஆனால் உங்கள் முடிவுகள் எந்த வகைக்குப் பொருந்தும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு டீசல் மட்டும் வைத்து முதலில் எடுத்த அதே நான்கு லோடையும் திரும்ப ஓட்டுங்கள். பைலட் கொஞ்சமாகப் போகும்போது நாசிலைக் குளிர்விக்கும் டீசல் குறைந்து, முனை சூடேறிக் கரி பிடிக்கும், ஸ்ப்ரே கெடும். எஃபிஷியன்ஸியோ புகையோ முதல் வரிசையிலிருந்து நகர்ந்திருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்டரில் திறக்கும் அழுத்தத்தையும் ஸ்ப்ரேயையும் பாருங்கள். முனை கெட்டிருந்தால் மாற்றிவிட்டு, எந்த நாளிலிருந்து நகர ஆரம்பித்தது என்று நோட்டில் தேடி, அதற்குப் பிந்தைய டூயல் ஃபியூவல் அளவீடுகளை மறுபடி எடுங்கள்.